குடிவழியை ஒப்படைத்தல்

ஒலுவில், அக்கரைப்பற்றுக் கரையோரத்தில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் குடி தாய்வழியாகவே வருகின்றது. இந்து ஆலயங்களின் திருவிழா உரிமைகள் பலவும் குடிப்படியே அமைவதால், குடிவரலாறு அறிந்த முதியோரின் சொல்லுக்கு மதிப்பு அதிகம். அம்மதிப்புக்காக அவ்வறிவைத் தம்மிடமே வைத்திருத்தல் தகுமா?

ஏட்டில் இருந்தவற்றை எப். எக்ஸ். சி. நடராசா அவர்கள் 1962இல் ‘மட்டக்களப்பு மான்மியம்’ எனப் பதிப்பித்தார். வாய்மொழியாக மட்டும் இருந்தவை? 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையோரத்தில் ஏடுகளையும் சொல்லத் தெரிந்தோரையும் ஒருங்கே கொண்டு சென்றது.

ஆகவே, உயிரோடிருக்கும்போதே பேரப்பிள்ளைகளிடம் ஒப்படைப்பது மூத்தோர் கடன். பெருமையை மட்டும் சொன்னால் அது உரிமை வழக்குக்கே உதவும். பழைய பிணக்கையும் பிழையையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு. கேட்கும் பிள்ளை எழுதிக்கொள்ளட்டும். தவறு கண்டால் திருத்தட்டும். அதை அவமதிப்பாக எண்ணலாகாது.

ஆலயத்தில் குடிப்பெயர் கூறி அழைக்கும்போது எழுந்து வரும் பிள்ளைக்கு, அது ஏன் தன் பெயர் என்று தெரிந்திருக்க வேண்டும்.