உலகச் செய்தியும் நம் ஊர்க் கரையும்

உலக விவகாரம் என்பது வயிறு நிறைந்தோரின் பொழுதுபோக்கு என்றொரு எண்ணம் நம்மிடையே நிலவுகிறது. அன்றாடம் கடலை நம்பி வாழ்பவனுக்கு உக்ரேன் எதற்கு, டொலர் எதற்கு என்று வினவுவோர் உளர். படித்தவர்களும் இவ்வாறு வினவுவதே வருந்தத்தக்கது. இதற்கான விடையைத் தேடி நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. அது நமது புத்தளக் கரையிலேயே கிடக்கிறது.

2022ஆம் ஆண்டை நினைவிற் கொள்வோம். கற்பிட்டி முதல் உடப்பு வரை மண்ணெண்ணெய் இன்றிப் படகுகள் பல கரையேறிக் கிடந்தன. அவ்வாண்டு ஆகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவாயிற்று. கடலுக்குப் போனால் எண்ணெய்க் காசும் தேறாது. போகாவிடில் அடுப்பில் உலையேறாது.

காரணம் அறியாத துன்பம் இரு வழிகளில் ஒன்றையே நாடும். ஒன்று, விதி என்று அடங்கிப்போதல். மற்றது, அண்மையில் நிற்பவன்மீது பழி சுமத்துதல். இந்துவும் கத்தோலிக்கரும் இஸ்லாமியரும் பௌத்தரும் அடுத்தடுத்து வாழும் இக்கரையில் அந்த இரண்டாம் வழி எத்துணை ஆபத்தானது என்பதை விளக்கவும் வேண்டுமோ?

ஆட்சியாளரிடமோ ஆயத்தமான விடையொன்று இருந்தது: எல்லாம் உலகச் சந்தையின் செயல், போரின் விளைவு. இதில் ஒரு பாதி உண்மை. 2022 பெப்ரவரியில் ரஷ்யா உக்ரேன்மீது படையெடுத்தபின் எண்ணெய் பீப்பாய்க்கு 100 டொலரைத் தாண்டியது மெய்யே. ஆனால், மசகெண்ணெய் வாங்க டொலர் இன்றிச் சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையம் மூடப்பட்டது 2021 நவம்பரில். அப்போது அந்தப் போர் தொடங்கவேயில்லை. பிணைமுறி விற்று அதிக வட்டிக்குப் பெற்ற கடன்களும், 2019இன் இறுதியில் அறிவித்த வரிக்குறைப்பும், கொள்ளை நோயால் அற்றுப்போன சுற்றுலா வருவாயும் சேர்ந்தே கருவூலத்தை வறிதாக்கின. 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அரசாங்கம் கைவிரித்தது.

ஆண்டுகளை வரிசைப்படுத்தத் தெரிந்த மாணவனை அரைகுறை உண்மையால் ஏமாற்ற முடியாது. உலகை அறியாதவன் அயலானைச் சந்தேகிக்கிறான். உலகை அரைகுறையாய் அறிந்தவனோ ஆள்வோரை மன்னித்துவிடுகிறான். இரண்டும் அநீதிக்கே துணைபோகின்றன. ஆகவேதான் உலகை அறிதலை ஓர் அறக் கடமை என்கிறோம்.

அறிந்துவிட்டால் எண்ணெய் வந்துவிடுமா எனலாம். வராதுதான். ஆனால் பொறுப்பு எவருடையது என்பது துலங்கும். கேள்வி செல்ல வேண்டிய இடத்திற்குச் செல்லும். 2020இல் லெபனானும் 2022இன் இறுதியில் கானாவும் இதே கடன் பொறியில் விழுந்தன என்று அறியும்போது, இது நம் தலையில் மட்டும் விழுந்த சாபம் அன்று என்பதும், அங்கும் உழைப்பாளியே விலை கொடுத்தான் என்பதும் புலப்படும்.

வகுப்பறையில் நாம் செய்திகளைக் குவிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு செய்தியையும் நோக்கி மூன்று வினாக்களை எழுப்பக் கற்பிப்போம்: முடிவு செய்தவர் யார்? பயன் பெற்றவர் யார்? விலை கொடுத்தவர் யார்? மீனவனின் பிள்ளை இவ்வினாக்களோடு வீடு திரும்பட்டும்.