உவமையும் விளக்கமும்

“இந்த இயல் இன்னும் வேகல” என்கிறார் நெறியாளர். ஆய்வாளர் தலையாட்டிவிட்டு வருகிறார். நடையைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, மாதக்கணக்கில் வாக்கியங்களைச் செப்பனிடுகிறார். நெறியாளர் சொல்ல வந்ததோ, ஆய்வுக் கேள்வியே வலுவாக இல்லை என்பது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைப்படி, மறுபதிவு இல்லாமல் முனைவர் பட்ட ஆய்வை முடிக்கப் பொதுவாக 6 ஆண்டுகளே உண்டு. அதில் கரைந்த மாதங்கள் ஆய்வாளருடையவை.

உவமையே கூடாது என்பதில்லை. ஒருவர் ஈராண்டு உழைத்ததைக் குறைசொல்லும்போது சொல்லின் கூர்மையை அது தணிக்கிறது. நம் மரபு ஆசிரியரையும் மாணவரையும் உவமையால்தான் எடைபோட்டது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் மாணவரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி எனப் பிரித்தார். ஆசிரியராகத் தகாதவரையும் அவர் விடவில்லை. அவர்கள் கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு. மடற்பனை தானாக உதிர்த்தால்தான் பழம். ஏறிப் பறிக்க யாரையும் விடாது. கேள்வி கேட்டாலே முகம் சுளிக்கும் நெறியாளரிடம் பட்டவர்களுக்கு இது புரியும்.

பவணந்தியார் பெயர் சூட்டியதோடு நிற்கவில்லை. கழற்குடம் எதனால் ஒப்பாகிறது, முடத்தெங்கு எதனால் ஒப்பாகிறது என்று ஒவ்வொன்றுக்கும் தனி நூற்பா செய்தார். நம் ஆய்வுத் துறைகளில் விட்டுப்போனது இந்த இரண்டாவது வேலைதான். உவமையைச் சொன்னவர் எழுந்து போய்விடுகிறார். கையெழுத்துக்கு அவரையே நம்பியிருக்கும் ஆய்வாளர், “புரியவில்லை, ஐயா” என்று சொல்லத் துணிவதில்லை.

ஆய்வாளரும் உவமைக்குள் ஒளிகிறார். “காட்டுக்குள்ள மாட்டின மாதிரி இருக்கு சார்” என்பார். தரவு கிடைக்கவில்லையா, கோட்பாடு பிடிபடவில்லையா, உதவித்தொகை நின்று வீட்டில் நெருக்கடியா, எதுவும் அதில் இருக்கலாம். “போகப் போக வழி தெரியும்” என்று பதில் சொன்னால் அந்தப் பேச்சு அங்கேயே செத்துவிடும். “எந்த இடத்தில் நிற்கிறது, சொல்லுங்கள்” என்று கேட்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

நெறியாளர்களே, உவமை சொன்னால் அடுத்த வாக்கியத்தில் எந்தப் பக்கத்தை, ஏன், எப்படி மாற்ற வேண்டும் என்று சொல்லுங்கள். ஆய்வாளர்களே, புரிந்துகொண்டதை அன்றிரவே நான்கு வரியில் எழுதி அவருக்கு அனுப்பி, சரிதானா என்று கேளுங்கள்.