அவரையே கேளுங்கள்

பக்கத்து வீட்டுக்காரர் எந்தக் கடையில் அரிசி வாங்குகிறார், மூத்த பெண்ணுக்கு எத்தனை பவுன் போட்டார், தம்பியோடு ஏன் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் நமக்குத் தெரியும். அவர் கடவுளைப் பற்றி என்ன நம்புகிறார் என்பது மட்டும் தெரியாது. தெரியாது என்றாவது ஒப்புக்கொள்கிறோமா? அதுவும் இல்லை. "அவர்கள் சங்கதி எனக்குத் தெரியாதா?" என்கிறோம். அறியாமையைவிட ஆபத்தானது இந்த 'எனக்குத் தெரியாதா'தான். அறியாதவன் என்றைக்காவது ஒரு நாள் கேட்டுத் தெரிந்துகொள்வான். அறிந்துவிட்டதாக நினைப்பவன் கேட்கவே மாட்டான்.

முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஒருவரைப் பற்றி ஒருவர் வைத்திருக்கும் அபிப்பிராயங்களை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்ணம் வரும். நான் அந்த இரண்டு சமயங்களையும் சேர்ந்தவனல்லன். ஆனால் இரண்டு பக்கத்திலும் நண்பர்கள் உண்டு. நடுவில் நிற்பவனுக்கு இரண்டு பக்கத்துப் பேச்சும் காதில் விழும் என்பது ஒரு சௌகரியம்.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் பிரம்மதேசம் என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்தணர்களுக்கு மானியமாக விடப்பட்ட ஊர்களைப் பிரமதேயம் என்று அழைத்த பழைய வழக்கத்தை நினைவூட்டும் பெயர். கிழக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள். அங்கிருந்து கடற்கரையோடு தெற்கே இறங்கினால் முஸ்லிம்கள் நிறைந்து வாழும் கோட்டக்குப்பம். அதைத் தாண்டினால் மாதா கோயில்கள் நிறைந்த புதுச்சேரி. இப்படிப் பல வேதங்கள் நடமாடும் வட்டாரம் அது.

சில வருஷங்களுக்கு முன் அந்த ஊரில், டீக்கடையும் பஞ்சர் கடையும் அடுத்தடுத்து இருந்த ஓரிடத்தில், ஒரு விவாதத்தைக் கேட்க நேர்ந்தது. உப்பு மூட்டை ஏற்றி வந்த லாரிக்கு டயர் போய்விட்டது. லாரியோடு வந்த வியாபாரி ஒரு முஸ்லிம் பெரியவர். திண்டிவனம் பஸ்ஸுக்காகக் காத்திருந்தவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், கத்தோலிக்கர். பஞ்சர் கடைக்காரர் பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவர். கடைச் சுவரிலேயே வேத வசனம் எழுதி வைத்திருந்தார். பாயும் வாத்தியாரும் வெகுநாள் பழக்கம் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"ஏன் வாத்தியாரே, ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். உங்களுக்கு மூணு சாமியாமே? அப்பா, அம்மா, பிள்ளைன்னு?" என்றார் பாய்.

வாத்தியார் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "யார் பாய் சொன்னது? எங்களுக்கு ஒரே கடவுள்தான். பிதா, சுதன், பரிசுத்த ஆவின்னு சொல்றதெல்லாம் அந்த ஒரே கடவுளைத்தான். அதுல அம்மாவே இல்லையே! மாதாகிட்டே, எங்களுக்காகக் கடவுளை வேண்டிக்கம்மான்னு கேக்கறோம். அது மரியாதை, ஆராதனை இல்லை. அது இருக்கட்டும். நீங்க முகம்மது நபியைத்தானே கும்பிடறீங்க? நாகூர்ல போய்ச் சமாதியையும் கும்பிடறீங்க."

பாய் காதைப் பொத்திக்கொண்டார். "அஸ்தஃபிருல்லாஹ்! நபியை யாராவது கும்பிடுவாங்களா? அவங்க அல்லாவோட தூதர், மனுஷர். நாகூருக்குப் போறது ஜியாரத். பெரியவங்க அடங்கின இடத்துல நின்னு துஆ கேக்கறோம். கேக்கறது அல்லாகிட்டதான்."

டயரைத் தட்டிக்கொண்டிருந்த பஞ்சர் கடைக்காரர் நிமிர்ந்தார். "ரெண்டு பேரும் கோவிச்சுக்கக் கூடாது. சிலைக்கு முன்னால மெழுகுவத்தி கொளுத்தறதும் சமாதி மேல போர்வை போத்தறதும் ஒண்ணுதான். ரெண்டுமே விக்கிரக ஆராதனை. எங்க சபையில இது எதுவும் கிடையாது."

பாய் சிரித்துவிட்டார். "இதையேதான் தம்பி, எங்க வீட்டுல என் மகன் சொல்றான். தர்காவுக்குப் போகாதீங்க அத்தா, அது அல்லாவுக்கு இணை வைக்கிறதுன்னு தினம் சண்டை. அவன் உங்க சபைக்காரன் இல்லே. அஞ்சு வேளையும் தொழறவன்!"

டீக்கடைக்காரர் சமாதானத்துக்கு வந்தார். "எதுக்குங்க தர்க்கம்? எல்லாம் ஒண்ணுதானுங்களே!"

"அது எப்படி ஒண்ணாகும்?" என்றார்கள் மூன்று பேரும் ஒரே குரலில். அன்று அவர்கள் ஒற்றுமையாகச் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான்.

இந்தப் பேச்சை வேடிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பாயும் வாத்தியாரும் தங்களைக் காத்துக்கொள்ளச் சொன்ன சமாதானம் ஒன்றேதான்: 'நான் செய்வது மரியாதை, ஆராதனை அல்ல.' ஆனால் அந்தச் சமாதானத்தை அடுத்தவருக்குக் கொடுக்க இருவருக்குமே தோன்றவில்லை. நம்முடைய செயலுக்கு உள்ளேயிருந்து விளக்கம் சொல்கிறோம். அடுத்தவர் செயலுக்கு வெளியேயிருந்து தீர்ப்புச் சொல்கிறோம். தப்பபிப்பிராயம் என்பதன் வேர் இங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

இந்த வேர் மிகப் பழையது. எட்டாம் நூற்றாண்டில் தமஸ்கு நகரத்து யோவான் என்ற கிறிஸ்தவ அறிஞர் இருந்தார். கலீஃபாக்களின் ஆட்சியில் வாழ்ந்தவர். அவருடைய குடும்பத்தார் அந்த அரசாங்கத்திலேயே வரவு செலவு பார்த்தவர்கள். இஸ்லாத்தை அவ்வளவு அருகிலிருந்து பார்த்த கிறிஸ்தவர் அந்தக் காலத்தில் அபூர்வம். 'சிலுவையை வணங்குகிறீர்களே' என்று முஸ்லிம்கள் கேட்டதற்கு அவர் எழுதிய பதில், 'நீங்கள் கஅபாவில் கல்லை முத்தமிடவில்லையா?' என்பது. திருவுருவங்களை வணங்குவது மரத்தையும் வண்ணத்தையும் வணங்குவதாகாது என்று நுட்பமாக வாதாடி நூல்கள் எழுதியவரும் இதே யோவான்தான். இரண்டாம் கலீஃபா உமர் அந்தக் கல்லின் முன் நின்று, இது நன்மையும் செய்யாத, தீமையும் செய்யாத வெறும் கல்லே, நபிகள் முத்தமிட்டதால்தான் நானும் முத்தமிடுகிறேன் என்ற கருத்துப்படச் சொன்னதாக முஸ்லிம்கள் போற்றும் ஹதீஸ் ஒன்று உண்டு. யோவான் தேடிய விளக்கம் எதிர்வீட்டிலேயே இருந்தது. ஆனால் அது தனக்காகத் தேடிய விளக்கம், எதிர்வீட்டுக்காரருக்காகத் தேடியதல்ல.

பாய் கேட்ட கேள்வியும் வானத்திலிருந்து குதித்ததல்ல. நான்காம் நூற்றாண்டில் எபிபானியஸ் என்ற ஆயர், அரேபியாவில் சில பெண்கள் மரியாளுக்கு அப்பம் படைத்து வழிபட்டதாக எழுதி, அதைக் கண்டித்திருக்கிறார். அப்படிப்பட்டவர்கள் எங்கோ இருந்திருக்கலாம். ஆனால் அவர்களைத் தள்ளிவைத்தது திருச்சபையே. ஒடிந்து விழுந்த ஒரு கிளையைக் காட்டி, மரம் முழுவதும் இதுதான் என்றால் எப்படி?

ஐரோப்பாவில் கிறிஸ்தவமே இரண்டாகப் பிளந்தபோது நடந்தது இன்னும் விசித்திரம். வில்லியம் ரெய்னால்ட்ஸ் என்ற ஆங்கிலேயக் கத்தோலிக்கரின் நூல் ஒன்று 1597இல் வெளிவந்தது. கால்வினின் சீடர்களும் துருக்கியரும் ஒன்று என்பது அதன் வாதம், பெயரே 'கால்வினோதுர்க்கிஸ்முஸ்'. இரண்டே வருஷத்தில், 1599இல், மாத்யூ சட்கிளிஃப் என்ற புராட்டஸ்டண்ட் பாதிரியார் பதில் எழுதினார். போப்பின் கூட்டமும் துருக்கியரும்தான் ஒன்று என்று அதற்கும் லத்தீனில் ஒரு பெயர் வைத்தார். சண்டை இரண்டு கிறிஸ்தவர்களுக்குள். வசவுச் சொல்லாகப் பயன்பட்டவர் அங்கே இல்லாத முஸ்லிம். துருக்கியர் எதை நம்புகிறார் என்பது இருவருக்குமே முக்கியமாகப் படவில்லை.

இதில் லூதர் ஒரு படி மேல். 1542இல் பாசல் நகரத்து மன்றம் குர்ஆனின் லத்தீன் மொழிபெயர்ப்பு அச்சாவதைத் தடுத்தபோது, அது வெளிவர வேண்டும் என்று எழுதியவர்களில் அவரும் ஒருவர். 1543இல் வந்த அந்தப் பதிப்புக்கு முன்னுரையும் எழுதினார். அன்பினால் அல்ல; படித்தால்தான் சரியாக மறுக்க முடியும் என்பதற்காக. நோக்கம் பகைதான். ஆனாலும், மறுப்பதற்காவது மூலத்தைப் படி என்ற அந்த நேர்மையை நாம் வதந்தியை நம்புகிற அளவுக்கு நம்புவதில்லை.

நம் தமிழிலேயே பாருங்கள். கத்தோலிக்கர் சேசு என்றார்கள். புராட்டஸ்டண்டுகள் இயேசு என்றார்கள். முஸ்லிம்கள் ஈசா நபி என்கிறார்கள். கத்தோலிக்கரின் இராயப்பரே மற்றவரின் பேதுரு; சின்னப்பரே பவுல். ஸ்நாபக அருளப்பரும் யோவான் ஸ்நானகனும் யஹ்யா நபியும் ஒருவரையே குறிக்கும் பெயர்கள். கிராமத்தில் கிறிஸ்தவர்களை 'வேதக்காரர்' என்பார்கள். குர்ஆன் யூதர்களையும் கிறிஸ்தவர்களையும் அழைப்பதும் வேதத்தை உடையவர்கள் என்றுதான். அதன் 19ஆவது அத்தியாயத்துக்கு மர்யம் என்று பெயர். அதில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்ட ஒரே பெண் மரியாள்தான். இது தெரியாத கிறிஸ்தவர் எத்தனை பேர்! புதிய ஏற்பாட்டைத் திறந்தே பாராமல் அதில் என்ன இருக்கிறது என்று முடிவு செய்துவிட்ட முஸ்லிம்கள் எத்தனை பேர்!

கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணமும் அந்த வட்டாரத்திலேயே இருக்கிறது. கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து உட்கார்ந்து தமிழில் செய்த விவிலியப் பொது மொழிபெயர்ப்பு 1995இல் திண்டிவனத்திலிருக்கும் விவிலிய நடுநிலையத்திலிருந்துதான் வெளிவந்தது. இராயப்பர் அதில் பேதுரு ஆனார். புராட்டஸ்டண்ட் சபைகளில் பெரும்பாலோர் இன்னும் பழைய மொழிபெயர்ப்பைத்தான் வாசிக்கிறார்கள் என்பது உண்மை. ஆனாலும் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். அதற்கு 30 வருஷம் முன்பே, 1965இல், வத்திக்கான் சங்கம் முஸ்லிம்கள் ஒரே கடவுளை வழிபடுகிறவர்கள், இயேசுவை இறைவாக்கினராகப் போற்றுகிறவர்கள், மரியாளை மதிக்கிறவர்கள் என்று தன் ஏட்டிலேயே எழுதியது. அதை வாசிக்கும் முஸ்லிம், 'ஆம், இது நான்தான்' என்று சொல்ல முடியும். பல நூற்றாண்டு வசவுகளில் அவர் தம்மை அடையாளம் கண்டுகொண்டிருக்க முடியாது.

இதெல்லாம் வீண் தர்க்கம், சோற்றுக்கு ஆகாத விஷயம் என்று சிலர் சொல்லக்கூடும். இலங்கையை நினைத்துப் பார்க்க வேண்டும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்தெழுந்த ஞாயிறு. கொழும்பிலும் நீர்கொழும்பிலும் கத்தோலிக்கக் கோயில்கள், மட்டக்களப்பில் தமிழர் கூடிய சீயோன் சபை, சில ஹோட்டல்கள். 250 பேருக்கு மேல் மாண்டார்கள். வெடிகுண்டு கத்தோலிக்கர் யார், புராட்டஸ்டண்ட் யார் என்று கிளை பிரித்துப் பார்க்கவில்லை. அந்தக் கூட்டத்தின் தலைவன் காத்தான்குடிக்காரன். அவனுடைய கோபம் முதலில் கிறிஸ்தவர் மேல் பாய்ந்ததல்ல. தன் ஊரிலேயே சூஃபி வழியில் நடந்த முஸ்லிம்களோடு 2017இல் மோதிவிட்டுத்தான் அவன் தலைமறைவானான். அவனைப் பற்றி முன்கூட்டியே அதிகாரிகளிடம் முறையிட்டவர்களும் முஸ்லிம்களே. அப்படியிருந்தும் அடுத்த மாதம் அந்த நாட்டில் கடைகளையும் பள்ளிவாசல்களையும் இழந்து நின்றவர்கள், குற்றத்தில் சம்பந்தமே இல்லாத முஸ்லிம்கள். அவன் செய்தது ஒரு கொடுமை. ஒரு கிளையைப் பார்த்து மரத்தையே வெட்டக் கிளம்பியது இன்னொரு கொடுமை.

தன் வீட்டுக்குள் தகப்பனுடைய பக்தியைக் கேட்டுப் புரிந்துகொள்ளாமல் தீர்ப்புச் சொல்லும் பழக்கம், எல்லாரையும் கொலைக்குக் கொண்டு போகும் என்று நான் சொல்லவில்லை. ஆயிரத்தில் ஒருவரைக்கூடக் கொண்டு போகாது. பாயும் மகனும் சண்டை போட்டுவிட்டு ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். ஆனால் கொலைக்குப் போன அந்த ஒருவனும் தீர்ப்பைத்தான் முதலில் கையில் எடுத்தான். கேள்வியை அல்ல.

மீதியுள்ள நம்மைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். டீக்கடைக்காரரைப்போல, 'எல்லாம் ஒன்றுதான்' என்று சொல்லி நாம் நல்ல பெயர் வாங்கிக்கொள்கிறோம். நல்ல எண்ணத்தோடு சொல்லும் வார்த்தைதான். ஆனால் அதிலும் கேட்கும் சிரமம் மிச்சமாகிறது என்பதைக் கவனியுங்கள். இயேசு சிலுவையில் உயிர் துறந்தார் என்பதுதான் கிறிஸ்தவனின் விசுவாசத்துக்கு அஸ்திவாரம். அவர் சிலுவையில் கொல்லப்படவில்லை என்பது குர்ஆனின் வாக்கு. கடவுள் மனிதனானார் என்பது ஒருவருக்கு ஆறுதல். மற்றவருக்கு அது அல்லாவின் ஒருமைக்கே பங்கம். ஒருவன் உயிரினும் பெரிதாக நினைக்கும் வித்தியாசத்தை, அது வித்தியாசமே இல்லை என்று சொல்வது சமரசமாகாது. அவன் சொல்வதைக் காதில் வாங்காததற்கு அது ஒரு மரியாதையான பெயர்.

ஆகவே தப்பபிப்பிராயம் நீங்கினால் வேற்றுமை நீங்கிவிடும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. இல்லாத வேற்றுமைகள் உதிர்ந்து, உண்மையான வேற்றுமைகள் மட்டும் நிற்கும். அவற்றோடு வாழ மனிதனால் முடியும், வாழ்ந்துகொண்டுதான் இருக்கிறோம்.

ஒரே ஒரு சோதனையை நமக்கு நாமே வைத்துக்கொள்ளலாம். அயலாரின் மதத்தைப் பற்றி அவர் இல்லாத இடத்தில் நாம் சொல்வதை, அவர் வந்து கேட்டால், 'சரிதான், நான் நம்புவது இதைத்தான்' என்பாரா? என்பாரானால் தாராளமாகப் பேசலாம். விரும்பினால் மறுக்கவும் செய்யலாம். இல்லையென்றால் நாம் மறுத்துக்கொண்டிருப்பது அவரையல்ல, நாமே செய்து வைத்த ஒரு பொம்மையை. விக்கிரகங்களில் மிகவும் பொல்லாதது அந்தப் பொம்மைதான்.