வியூகமும் தகுதியும்

இராஜபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் இரவு உணவுக்குப்பின் வீடுகளில் எழும் வழக்கு இது: 'பிக் பாஸ்' பட்டம் வியூகத்தில் வல்லவருக்கே உரியதா? 2017இல் தமிழில் தொடங்கிய அந்நிகழ்ச்சியில், வெளியேற்றத்துக்குப் பெயர் முன்மொழிவோர் உடனுறைவோர்; தீர்ப்பளிப்போர் பார்வையாளராகிய நாம். முதல் ஆண்டில் மக்கள் அன்பை அள்ளிய ஓவியா இடையில் தாமே வெளியேறினார். பட்டம் ஆரவுக்குச் சென்றது.

சதுரங்கத்தில் குதிரையைப் பலியிட்டு வெல்பவரை யாரும் பழிப்பதில்லை, குதிரைக்கு வலிக்காது. இங்கோ, காய் மனிதர். ஏமாற்றுவதும் ஆட்டமே, எல்லாரும் இசைந்துதானே நுழைந்தனர் என்பர். மெய்தான். ஆயினும் நள்ளிரவில் ஒருவர் தம் தாயின் மரணத்தைச் சொல்லி அழுததை, மறுநாள் அவரையே வீழ்த்தும் கருவியாக்க எவர் இசைவு தந்தார்?

லூக்கா நற்செய்தியின் வீட்டுப் பொறுப்பாளர் முன்மதிக்காகப் பாராட்டப்பெற்றார்; பொறுப்பு திரும்பக் கிடைத்ததாக அங்கே எழுதப்படவில்லை. அழுதவரை விற்றவர் முந்தினால், வென்றார் என்பேன், தகுதியுற்றார் என்னேன். என் வாக்கும் அவருக்கில்லை.