கை நடுங்குகிறதா? கணக்கைப் போடு!

நர்சிங் படிப்பின் விளக்கேற்றும் விழா நினைவிருக்கிறதா? வெள்ளுடை. கையில் விளக்கு. நைட்டிங்கேல் பெயரால் ஓர் உறுதிமொழி.

தீங்கு செய்யும் மருந்தைத் தெரிந்தே கொடுக்க மாட்டேன் என்று அன்று சொன்னாய்.

நல்லது. ஆனால் தெரிந்தே கொடுப்பவர் எத்தனை பேர்?

தெரியாமல் கொடுப்பதால்தான் வார்டில் உயிர் போகிறது! அவசரத்தில் கொடுப்பதால் போகிறது! கேட்க வெட்கப்பட்டுக் கொடுப்பதால் போகிறது!

முதல் போஸ்டிங். கையில் சிரிஞ்ச். கட்டிலில் ஒரு பாட்டி. உன் கை நடுங்குகிறது.

நடுங்கட்டும்! நடுங்கும் கை லேபிளை இரண்டு முறை பார்க்கும். எனக்குப் பயமெல்லாம், லேபிளைப் பார்க்காமலே மருந்தேற்றப் பழகிவிட்ட கையை நினைத்துத்தான்.

பயம் தவறில்லை. பயந்துகொண்டே படிக்காமல் இருக்கிறாயே, அதுதான் தவறு!

"எனக்குக் கணக்கு வராது." யார் சொன்னது? பத்தாம் வகுப்பு டீச்சரா? அந்தச் சொல்லை இன்னும் எத்தனை வருடம் சுமப்பாய்?

ஜென்டாமைசின் 60 மி.கி. கொடுக்க வேண்டும். ஆம்பியூலில் 2 மி.லி.க்கு 80 மி.கி. இருக்கிறது. 60-ஐ 80-ஆல் வகு. 2-ஆல் பெருக்கு. 1.5 மி.லி. அவ்வளவுதான்!

500 மி.லி. சலைன் 4 மணி நேரத்தில் ஓட வேண்டும். செட் மி.லி.க்கு 20 சொட்டு. மொத்தம் 10,000 சொட்டு, 240 நிமிடம். நிமிடத்துக்கு 42 சொட்டு. பஸ்ஸில் மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணி வாங்கும் உனக்கு இது வராதா?

வராது என்று சொல்லாதே. போட்டுப் பார்க்கவில்லை என்று சொல்!

விடை வந்ததும் ஒரு நொடி நில். ஒரே டோஸுக்கு ஆறு ஆம்பியூல் உடைக்கச் சொல்கிறதா உன் கணக்கு? எங்கோ புள்ளி இடம் மாறியிருக்கலாம். மறுபடி போடு.

இன்சுலினுக்கு வா. இங்கே அவசரப்படாதே.

நம் ஊரில் இன்சுலின் வயல் இரண்டு விதமாகக் கிடைக்கிறது. மி.லி.க்கு 40 யூனிட் ஒன்று, 100 யூனிட் இன்னொன்று. சிரிஞ்சும் இரண்டு. 40-க்குச் சிவப்பு மூடி. 100-க்கு ஆரஞ்சு மூடி.

20 யூனிட் போடச் சொல்லியிருக்கிறார்கள். நீ 100 வயலை எடுத்தாய். சிவப்பு மூடி சிரிஞ்சில் 20-ஆம் கோடு வரை இழுத்தாய். உள்ளே போவது எவ்வளவு?

50 யூனிட்! இரண்டரை மடங்கு! நடுராத்திரியில் அந்த மனிதர் வியர்த்து, மயங்கி, எழாமலே போகலாம்.

மாறிப்போனால்? 40 வயல், ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். வெறும் 8 யூனிட்தான் போகும். சர்க்கரை இறங்காது. ஏன் என்று புரியாமல் டோஸைக் கூட்டுவார்கள். பிறகு ஒருநாள் யாரோ சரியான சிரிஞ்சில் போடுவார்கள். அன்றைக்கு ஆபத்து!

மூடியின் நிறத்தை மட்டும் நம்பாதே. வயலில் இருக்கும் எண்ணைப் படி. சிரிஞ்சில் இருக்கும் எண்ணைப் படி. இரண்டும் ஒன்றா? பக்கத்திலிருக்கும் ஸ்டாஃபிடம் காட்டு. அப்புறம் கட்டிலுக்குப் போ.

எழுதும்போதும் யூனிட் என்று முழுதாக எழுது. ஒற்றை 'U' எழுத்தைப் பூஜ்ஜியம் என்று படித்தால் 10 யூனிட் 100 ஆகிவிடும்!

பொட்டாசியம் குளோரைடு? அது 10 மி.லி. ஆம்பியூல். ஊசி மருந்து கரைக்கும் தண்ணீரும் அதே அளவில் வரும். பொட்டாசியத்தைக் கலக்காமல் நேராக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுபோகும். டிரிப்ஸில் கலந்து, மெதுவாக, எழுதியிருக்கும் வேகத்தில் மட்டும்! யார் அவசரப்படுத்தினாலும் இதில் மாற்றமில்லை.

"நான் தமிழ் மீடியம். மருந்துப் பெயர் வாயில் நுழையவில்லை."

மெட்டோப்ரோலால் எந்த ஊர்க்காரனுக்கும் தாய்மொழி இல்லை! எல்லோரும் மனப்பாடம் செய்துதான் படித்தார்கள்.

பெயரின் வாலைப் பிடி. அட்டினோலால், மெட்டோப்ரோலால், ப்ரொப்ரனோலால். 'ஓலால்' என்று முடிந்தால் நாடித்துடிப்பு குறையும். கொடுக்குமுன் நாடி பார். எனலாப்ரில், ராமிப்ரில். 'ப்ரில்' என்று முடிந்தால் ரத்த அழுத்தம் இறங்கும். வறட்டு இருமல் வரலாம். ஒரு வால் தெரிந்தால் ஒரு குடும்பமே பிடிபடும்.

இதெல்லாம் பரீட்சைக்குத்தானே என்கிறாயா? அப்படியானால் அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்தில் 2017 டிசம்பரில் நடந்ததைக் கேள்.

ஸ்கேனுக்குக் காத்திருந்த 75 வயது அம்மா. பதற்றம் தணிய வெர்செட் என்ற மருந்து எழுதியிருந்தார்கள். மருந்து அலமாரி கணினியில் இயங்குவது. செவிலியர் முதல் இரண்டு எழுத்தைத் தட்டினார். வந்தது வெக்குரோனியம். தசைகளையெல்லாம் செயலிழக்கச் செய்து மூச்சையே நிறுத்தும் மருந்து!

வெர்செட் திரவம். வெக்குரோனியம் பொடி, கரைத்துத்தான் ஏற்ற வேண்டும். புட்டி மூடியிலேயே எச்சரிக்கை இருந்தது. கரைத்தார். ஏற்றினார். அந்த அம்மா பிழைக்கவில்லை.

அந்தச் செவிலியர் புதியவர் அல்ல. அனுபவம் உள்ளவர். 2022-இல் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு என்று தண்டனை வந்தது.

மருத்துவமனையின் ஏற்பாட்டிலும் ஓட்டை இருந்தது, பழி முழுக்க ஒருத்தி தலையிலா என்று அங்கே செவிலியர்கள் கொதித்தார்கள். நானும் அவர்கள் பக்கம்தான். ஆனால் நீ கேட்க வேண்டிய கேள்வி வேறு.

பொடியைப் பார்த்த அந்த நொடியில் உன் கை நின்றிருக்குமா?

மருந்தைப் படித்திருந்தால் மட்டுமே நிற்கும்! மனப்பாடம் செய்த ஐந்து 'சரி'கள் மட்டும் போதாது. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று வைவாவில் கடகடவென்று ஒப்பிப்பாய். வார்டில் கையில் கட்டிய பட்டையைப் பார்க்கிறாயா? பெயரைக் கேட்கிறாயா? அலர்ஜி உண்டா என்று கேட்கிறாயா?

"நேரமில்லை." பெயர் கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? சொல்!

"சந்தேகம் கேட்டால் சிஸ்டர் திட்டுவார்." அப்படியா? திட்டட்டும்!

திட்டு அரை நிமிடம். தவறான டோஸ்? ஒரு குடும்பத்துக்கு ஆயுள் முழுக்க.

கையெழுத்து புரியவில்லையா? ஊகிக்காதே! டாக்டரைக் கூப்பிடு. "சார், இந்த டோஸை ஒருமுறை சொல்லுங்கள்" என்று கேள். அவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல். அவர் சரி என்ற பிறகு மருந்தை எடு.

தன்னம்பிக்கை என்றால் துணிந்து குத்துவதா? இல்லை! பத்துப் பேர் அவசரப்படுத்தும்போது "நிறுத்துங்கள், நான் இன்னொரு முறை பார்க்கிறேன்" என்று சொல்வதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும். மாணவியாக இருந்தாலும் சொல். மாணவனாக இருந்தாலும் சொல்!

இன்றிரவு மருந்துப் புத்தகத்தைத் திற. உன் வார்டில் அதிகம் போகும் ஐந்து மருந்துகளை எடு. எதற்கு, எவ்வளவு, எந்த வழி, என்ன ஆபத்து, எப்போது கொடுக்கக் கூடாது? உன் கையால் எழுது.

காலையில் டூட்டிக்குக் கிளம்புமுன் ஐந்தையும் பார்க்காமல் சொல். சொல்ல முடியாத மருந்தை உன் டியூட்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வரை தொடாதே!