அணைக்காமல் போன தீ

வினைக்கொள்கையை ஏற்ற இந்தியத் தத்துவப் பிரிவுகள் வேறு பலவற்றில் மாறுபட்டாலும், செய்தவனே அதன் பயனைத் துய்க்க வேண்டும் என்பதில் பெரிதும் உடன்பட்டன. செய்த வினை பயன் தராமல் அழிவது கிருதநாசம். செய்யாத வினையின் பயன் ஒருவன் தலையில் வந்து விழுவது அகிருதாப்யாகமம். இவ்விரண்டுள் ஒன்றுக்கு இடம் தரும் கொள்கை எதுவாயினும் அது குற்றமுடையதாகவே கொள்ளப்பட்டது. நிலையான ஆன்மா இல்லை, யாவும் கணந்தோறும் மாறுவன என்ற பௌத்தரை நோக்கி எதிர்த்தரப்பார் தொடுத்த கணையும் இதுவே: ஆள் மாறிக்கொண்டே இருந்தால் திருடியவன் ஒருவனாகவும் தண்டம் பெறுபவன் வேறொருவனாகவும் ஆகிவிடாதா?

கிரேக்க வழிவந்த மன்னன் மிலிந்தனுக்கும் நாகசேனர் என்னும் துறவிக்கும் நடந்த உரையாடலாக அமைந்த ‘மிலிந்த பஞ்ஹா’ என்னும் பாலி நூல் இதற்கு ஓர் உவமையால் விடை தேடுகிறது. குளிர்காலத்தில் ஒருவன் தீ மூட்டிக் குளிர்காய்ந்துவிட்டு, அதை அணைக்காமல் போய்விடுகிறான். அத்தீ பரவி அயலானின் வயலை எரிக்கிறது. வயலுக்குரியவன் அவனைப் பிடித்து அரசன் முன் நிறுத்த, தான் விட்டுச்சென்ற தீ வேறு, வயலை எரித்த தீ வேறு என்று அவன் வாதிடுகிறான். அவ்வாதம் செல்லாது என்பதை மிலிந்தனே ஒப்புக்கொள்கிறான். ஏனெனில் பிந்தைய தீ முந்தைய தீயிலிருந்தே எழுந்தது. ஆள் ஒன்றாக நீடிக்காவிடினும் தொடர்ச்சி நீடிக்கிறது. இத்தொடர்ச்சியைப் பௌத்தர் சந்தானம் என்றனர்.

புவி வெப்பமாதல் பற்றிய அறவாதங்கள் பலவற்றிலும் இக்கதை தெளிவானது. அவன் குளிர்காய்ந்ததை அது குற்றமாகச் சொல்லவில்லை என்பதே அதன் சிறப்பு. பசுமைக்குடில் விளைவும் தன்னளவில் தீமையன்று. கதிரவனால் சூடேறிய நிலமும் கடலும் வெளிவிடும் வெப்பக்கதிரில் ஒரு பகுதியை நீராவி, கரியமில வாயு, மீத்தேன் போன்றவை உறிஞ்சி மீண்டும் நிலத்தை நோக்கியும் அனுப்புவதே இவ்விளைவு. இஃது இல்லாவிடில் புவியின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 15 பாகை செல்சியசாக இராமல், உறைநிலைக்கும் கீழே 18 பாகைக்கு இறங்கியிருக்கும். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து இலட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது. குற்றம் இந்த மிகையில்தான் உள்ளது. வெளிவிட்ட வாயுவில் ஒரு பகுதி ஆயிரம் ஆண்டு கடந்தும் காற்றில் தங்குவதால், மூட்டியவன் மறைந்த பின்னும் தீ அணைவதில்லை.

இலண்டனின் ஹோல்போர்ன் வயடக்டில் 1882இல் நிலக்கரி மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையம் 2024 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. முன்னோர் மூட்டிய தீக்கு இன்றைய குடிமக்கள் எவ்வாறு பொறுப்பாவர் என்பது கேட்கத்தக்க கேள்வியே. ஆனால் ஒரு நாடும் ஒரு சந்தானந்தான்: முன்னோரின் இரும்புப்பாதையையும் துறைமுகத்தையும் மூலதனத்தையும் தம்முடையவை என ஏற்பவர், புகையை மட்டும் பிறருடையது எனல் பொருந்தாது. அறியாமை என்னும் வாதத்துக்கு இதைவிட வலு உண்டு. நிலக்கரிப் புகை புவியைச் சூடாக்கும் என்று 1896இல் கணக்கிட்டுக் காட்டிய சுவீடன் அறிஞர் அர்ரேனியஸ்கூட அதை நன்மையாகவே எண்ணினார்; குளிர்நாட்டார் வேறென்ன எண்ணுவர்! எனினும் படிம எரிபொருளால் இதுவரை வெளியான கரியமில வாயுவில் பாதிக்கு மேற்பட்டது 1990க்குப் பிந்தையது, அதாவது அறிந்தே செய்தது.

கதிரொளி, காற்று முதலிய தூய ஆற்றல்களின் இடம் இங்கே தெளிவாகிறது. சைவ சித்தாந்தம் முன்னர் ஈட்டிக் குவித்த வினையைச் சஞ்சிதம் என்றும், இனி ஈட்டும் வினையை ஆகாமியம் என்றும் பிரிக்கிறது. காற்றாலையும் கதிரொளித் தகடும் ஆகாமியத்தைத் தடுப்பன. சஞ்சிதத்தைக் கரைக்கும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. தீயை அணைத்தவன் எரிந்த வயலுக்கும் ஈடு செய்துவிட்டதாகக் கூற முடியாது. மின்சாரத்தின் பெரும்பங்கை இன்றும் நிலக்கரியிலிருந்தே பெறும் இந்தியா, குளிர்காயப் பிந்தி வந்தவன் என்பதால் குறைந்த பொறுப்புடையது, பொறுப்பே அற்றதன்று.

உவமை ஓரிடத்தில் தளர்கிறது. நாகசேனரின் கதையில் எரிந்தது ஒரு வயல், மூட்டியவன் ஒருவன், அவனைப் பிடித்து நிறுத்த ஓர் அரசனும் உண்டு. இங்கே மூட்டியவர் பல கோடி. வயலுக்குரியவரில் பலர் இன்னும் பிறக்கவே இல்லை. அத்தகைய அரசனைத் தேடிப் புறப்பட்டது, மூன்று இலட்சத்துச் சொச்சம் மக்கள் வாழும் பசிபிக் தீவுநாடான வனுவாட்டு. அதன் முயற்சியால் ஐ.நா. பொதுச்சபை 2023இல் பன்னாட்டு நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டது. காலநிலையைக் காக்கும் கடமையிலிருந்து தவறும் நாடு, உரிய நிபந்தனைகள் நிறைவேறினால், பாதிக்கப்பட்ட நாட்டுக்கு இழப்பீடு தரவும் பொறுப்பாகலாம் என்று அந்நீதிமன்றம் 2025 ஜூலை 23 அன்று உரைத்தது. அஃது ஆலோசனைக் கருத்து மட்டுமே. எந்த நாட்டையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது.