செயற்கை நுண்ணறிவும் சியாத்வாதமும்



முற்றறிவு அருகப் பெருமானுக்கே உரியது. மதிஞானமும் சுருதஞானமும் மட்டுமே பெற்ற நாம், ஒரு பொருளின் ஒரு பக்கத்தையே ஒரு வேளையில் காண்கிறோம். அப்பார்வைக்கு நயம் என்று பெயர். “இவ்வகையால் இஃது இவ்வாறு” என்று கூறும்வரை அது நயம். “இதுவே முழுமை, ஏனைய பொய்” என்று சாதிக்கத் தொடங்கின் அதுவே துர்நயம். பலருடைய அறிவையும் திரட்டி விடை கூறும் செயற்கை நுண்ணறிவு இன்று நம் இல்லங்களுக்குள் வந்துவிட்டது. அதனை இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்ப்பது நம் கடமையாகும்.

நம் கொங்கு நாட்டிலேயே சான்று உண்டு. பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதித் தோப்புகளில் கேரள வேர் வாடல் நோய் தென்னையைத் தாக்கியுள்ளது. ஓலை துவண்டு உள்நோக்கி வளைவதைத் தோப்புக்காரர் காண்கிறார். தம் மண்ணையும் மரத்தின் வயதையும் அவர் அறிவார். பைட்டோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரையும் அதனைப் பரப்பும் பூச்சிகளையும் ஆழியாறு தென்னை ஆராய்ச்சி நிலையத்தார் அறிவர். இருவர் அறிவும் மெய்யே, இரண்டும் குறைவுடையனவே. இவற்றை இணைத்துத் தமிழிலேயே உரைக்கும் பொறி அமையுமாயின் அது பேருதவி.

ஆயினும் தஞ்சாவூர் வாடல் என வேறொரு நோயும் உண்டு. அது மண்வழிப் பூஞ்சாணத்தால் வருவது. அடிமரத்தில் செம்பழுப்புச் சாறு கசியும். பெயரில் இரண்டும் வாடலே. காரணமும் பண்டுவமும் வேறு. சொற்களின் சேர்க்கையைப் பயின்று விடை தொடுக்கும் பொறி, இரண்டையும் கலந்து ஐயமின்றி உரைத்துவிட்டால், வெட்ட வேண்டாத மரத்தின்மேலும் கோடரி விழும். தென்னையும் ஓரறிவுயிரன்றோ? அறிவில் நேர்ந்த பிழை இம்சையில் முடிகிறது. அநேகாந்தத்தை மனத்தளவில் நிகழும் அகிம்சை என்பது இதனாலேயே.

விசயமங்கலத்தை அடுத்த சீனாபுரத்தார் எனப் போற்றப்பெறும் பவணந்தி முனிவர், நன்னூற் பாயிரத்தில் எழுவகை மதம் வகுத்தார். உடன்படல், மறுத்தல், இருவர் மாறுபட்டவிடத்து ஒன்றைத் துணிதல் முதலியன அவை. எவர் கூற்று எது என்று தெரியாமல் இவற்றுள் ஒன்றும் நிகழாது. அந்நூலுக்குச் சமணராகிய மயிலைநாதரும் சைவராகிய சங்கரநமச்சிவாயரும் உரை கண்டனர். ஆசிரியப் பயிற்சி மாணவியர்க்கு அவ்வுரைகளைக் கற்பித்த காலத்தில், உரைகாரர் பெயரைச் சொல்லியே வேற்றுமையை விளக்குவோம். பெயரை நீக்கி இரண்டையும் குழைத்திருப்பின், மாணவியர் இரண்டையும் இழந்திருப்பர். இணைத்தல் வேறு, குழைத்தல் வேறு.

ஞானம் உயிரின் குணம். பொறியோ ஏட்டுச்சுவடி போன்ற சடப்பொருள், அறிபவர் நாமே. ஆகவே பொறி தரும் விடையைத் திரவியம், க்ஷேத்திரம், காலம், பாவம் என்னும் நான்கினாலும் அளப்போமாக. எந்த நோயைப் பற்றியது? எவ்வூர் நிலத்தில் கண்டது? எவ்வாண்டில் கண்டது? மரம் எந்நிலையில் இருந்தபோது கண்டது? மறுப்போர் உளரா என்றும் வினவுவோம். விடை கிட்டாவிடில், அந்த ஓலையை எடுத்துக்கொண்டு கற்றோரை நேரில் நாடுவோம். அதுவரை கோடரி காத்திருக்கட்டும்.

இளைஞர்கள் பொறியைப் பயன்படுத்த அஞ்ச வேண்டா. அது உரைக்கும் ஒவ்வொன்றின் முன்னும் “ஒருவகையால்” என்னும் சொல்லைச் சேர்த்துப் படிக்கப் பழகுவார்களாக. அச்சொல்லே சியாத்வாதம்.

வளர்க ஜினதருமம்!